கேள்விக்கு முன்னால் வந்த பதில்

உங்களில் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, ஜப்பானியத் துப்பறியும் படம் ஒன்றுக்குத் திரையின் கீழே ஓடும் தமிழ் வசன வரிகள் எழுதும் வேலை கிடைத்திருக்கிறது என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "அக்கா, படத்த முழுசாப் பாத்துட்டேன். கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எப்படி எழுதுறது?" என்று கேட்டார். அவசரத்தில் அரைப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கலாம்.

வரியை எந்த நொடியில் போடுவது, எத்தனை எழுத்துக்குள் அடக்குவது என்பதையெல்லாம் கணினியே உங்களுக்குக் கற்றுத் தந்துவிடும். அதற்குள் நான் போகப் போவதில்லை. கணினிக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். "கொலைகாரன்" என்றார். அந்தச் சொல்லிலேயே பாதிப் பேரை விடுதலை செய்துவிட்டார் பாருங்கள். படத்தில் இருக்கும் பெண்கள் எல்லாரும் இனி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஜப்பானிய மொழியில் இந்தத் தொல்லை இல்லை. "வந்தது யார்? கதவைத் திறந்து உள்ளே போய், சாவியை எடுத்து..." என்று ஒரு பாத்திரம் பேசிக்கொண்டே போகலாம். போனது ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. நம் மொழியில் வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு காவலாளி நிற்கிறான். போனானா, போனாளா என்று கேட்காமல் யாரையும் வெளியே விடமாட்டான். துப்பறியும் நாவலில் இருந்து எடுத்த படங்களுக்கு எழுதும்போது அவன்தான் நம் முதல் எதிரி.

கொழும்பில் தொலைக்காட்சிக்காக எழுதிய காலத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு ஒரு கொள்கை. துப்பறியும் படம் வந்தால் கடைசிப் பகுதியைப் பார்க்காமலே முன்பகுதிக்கு எழுதுவார். "பாக்குற சனத்துக்குத் தெரியாதது எனக்கு மட்டும் ஏன் தெரியணும்?" என்பார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஒரு முறை படம் முழுக்க "அவன் வந்தான், அவன் ஒளிந்தான்" என்று எழுதிக்கொண்டே போய், கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தால், கொலை செய்தது வீட்டு எஜமானியம்மா! அன்று மாலை ஒளிபரப்பு. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு "அவனை"யும் தேடிப் பிடித்து மாற்ற வைத்தார். மாற்றி முடித்தபோது, "முடிவப் பாக்கணும். பாத்துட்டு மறக்கணும். நான் பாக்காமலே மறந்துட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது அந்தச் சிரிப்பு. தன் கொள்கையைவிடப் படத்தை அவருக்கு அதிகம் பிடிக்கும்.

சரி, ஹட்டனில் நடந்ததற்கு வருகிறேன்.

ஓய்வு பெற்று, மலையகத்தில் என் சொந்த ஊரான கொட்டகலைக்கே திரும்பி வந்து அதிக காலம் ஆகவில்லை. நிரோஷினி என்று ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். நண்பர்களோடு சேர்ந்து ஒரு திரைப்படக் கழகம் நடத்துகிறார். பக்கத்து நகரமான ஹட்டனில் ஒரு மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இலவசமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். முதல் படத்துக்குக் கூட்டம் நன்றாகத்தான் வந்ததாம். இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேரைக் காணவில்லையாம்.

"இந்தத் தடவையும் சனம் எழும்பிப் போனா, மண்டபத்த டியூஷன் கிளாசுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறவள் எல்லாம் டீச்சர்தான்.

"என்ன படம் போடப் போறீங்க?"

"ஜப்பான் படம். கொலைக் கதை. ஒரு நாவல்ல இருந்து எடுத்தது. மலை, பனி, ரயிலு... நம்ம ஊரு மாதிரியே இருக்குங்க."

உண்மைதான். மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூர். வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதி. விடுதி உரிமையாளர் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில் பனிக்குள் இறந்து கிடக்கிறார். அன்று யாரோ தொலைபேசியில் அழைத்துத்தான் அவர் வெளியே போயிருக்கிறார். அழைத்தது யார்? வெளியூர் இன்ஸ்பெக்டர் ஒருவர் ரயிலில் வந்து இறங்கி விசாரிக்கிறார். கடன்கார மருமகன், கோபக்கார சமையல்காரர், ஏதோ மறைக்கும் டாக்டர் என்று சந்தேகப்பட ஆள் நிறைய இருக்கிறது. டாக்டரிடம் வேலை செய்யும் வயதான நர்ஸ் ஒருவரும் உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுப்பார். யாருடைய கண்ணிலும் படமாட்டார்.

கொலை செய்தது அவர்தான். உங்களுக்குத் தொழிலுக்காகச் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஜப்பானிய மொழி எனக்கு அரைகுறை. ஆங்கில வரிகளை வைத்துக்கொண்டு, காதில் விழுவதோடு ஒப்பிட்டுத்தான் எழுதுவேன். அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் முட்டிக்கொண்டேன். "பேசினான்" என்று எழுதினால் பொய். "பேசினாள்" என்றால் படம் அங்கேயே முடிந்தது. "பேசினார்" என்றால் இலக்கணம் சரி. ஆனால் கொலைக்கு அழைத்தவருக்கு இன்ஸ்பெக்டர் ஏன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்று மண்டபம் யோசிக்கும். வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தபோது, வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்: "காலையில ஒங்க வீட்டுக்கு யாரோ வந்தாங்க, கதவத் தட்டிட்டுப் போயிட்டாங்க."

வந்தாங்க! வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா, ஒன்றும் தெரியாது. கேட்கிறவருக்கு எதையோ மறைக்கிறார்கள் என்றும் தோன்றாது. நாள் முழுக்க நான் பேசும் பேச்சுதான் அது. எழுத உட்கார்ந்ததும் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பாத்திரங்கள் எல்லாரையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேச வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது. கடைவீதிக் குடும்பங்கள், ஆசிரியர்கள், கொட்டகலை, வட்டவளைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பஸ்ஸில் வந்தவர்கள். முன்வரிசை நடுவில் புடவைக் கடை செல்லத்துரை முதலாளி. மிகவும் நல்ல மனிதர். எந்தப் படத்தையும் பாதியிலேயே கண்டுபிடித்துச் சத்தமாக அறிவிப்பது அவருடைய பொழுதுபோக்கு.

படம் நன்றாகத்தான் தொடங்கியது. திடீரென்று நான் பார்த்தே இராத ஒரு காட்சி வந்தது. இன்ஸ்பெக்டர் ஆற்றங்கரையில் நடக்கிறார், பாலத்தில் நிற்கிறார், யாரோ பிள்ளைகளோடு பேசுகிறார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு எழுதக் கொடுத்த படம் வெட்டிச் சுருக்கியது. திரையில் ஓடுவது முழு நீளப் படம்.

அதற்குப் பிறகு வரிகள் படத்தை முந்திக்கொண்டன. இன்ஸ்பெக்டர் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். கீழே தமிழில், "டாக்டர், அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று வருகிறது. மண்டபமே சிரித்தது. அடுத்ததாகச் சமையல்காரர் கதவைத் திறக்கும் முன்பே, "நான் அங்க போகவே இல்லீங்க!" என்று வரி வந்து விழுந்தது.

"கேள்வி கேக்க முன்னுக்கே பதில் சொல்றான்! இவன்தான்!" என்று முதலாளி கத்தினார்.

பின்னால் படம் ஓட்டிக்கொண்டிருந்த சமனிடம் ஓடினேன். சமன் மண்டபத்து ஒலிபெருக்கி, திரை எல்லாம் பார்க்கிற சிங்கள இளைஞர். தமிழ் நன்றாகவே பேசுவார். நிரோஷினியும் வந்துவிட்டார்.

"படத்த நிப்பாட்டிட்டு வரிய இழுத்துச் சரி பண்ணலாம் டீச்சர்" என்றார் சமன்.

"இன்னும் எத்தன எடத்துல புதுக் காட்சி வரும்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஒவ்வொரு தடவையும் நிப்பாட்டணும்" என்றார் நிரோஷினி. "சனம் இருக்காது."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடி வந்தால் நம் கை தானாகப் பழுதைத் திருத்தப் போகும். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: இப்போது நடக்கவே கூடாதது எது? வரி பிந்தலாம். சில வரிகள் விட்டுப்போகலாம். சனம் சிரிக்கலாம். இன்ஸ்பெக்டர் வாய் திறக்கும் முன்னால் திரையில் நர்ஸின் பெயர் வருவது மட்டும் நடக்கக் கூடாது. அது நடந்தால் நாவலாசிரியர், இயக்குநர், நடிகர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிய வீடு ஒரு வரியில் விழுந்துவிடும். இப்படி யோசித்ததும் முடிவெடுப்பது சுலபமாகிவிட்டது.

"சமன், தமிழ நிப்பாட்டுங்க. படத்துல இருக்கிற இங்கிலீசப் போடுங்க. எனக்கு ஒரு மைக் குடுங்க."

"டீச்சர், நீங்க பேசப் போறீங்களா?" என்றார் நிரோஷினி.

"வேற யாரு இருக்காங்க?"

வாழ்நாளில் நான் மைக்கில் பேசியதில்லை. எழுதுகிறவள் நான், அழித்து எழுதுகிறவள். பேச்சில் எதை அழிப்பது? சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நடிப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். இன்ஸ்பெக்டருக்குக் கட்டைக் குரல், மருமகனுக்கு இளங்குரல் என்று ஆரம்பித்தால் கோமாளிக் கூத்தாகிவிடும். அழுவதற்கும் கத்துவதற்கும் திரையில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னேன்.

உடனே வந்தது சோதனை. நான் பார்த்திராத இன்னொரு காட்சி. விடுதியில் வேலை செய்யும் பெண் இன்ஸ்பெக்டரிடம் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்கிறாள். எழுதிப் பார்க்க நேரமில்லை. ஆங்கில வரி கண்ணில் பட்டதும் வாய் திறக்க வேண்டும்.

"யாரோ பேசுனாங்கய்யா. சளி புடிச்ச மாதிரி கொரலு. முதலாளியக் கூப்புடச் சொன்னாங்க. பேரக் கேட்டேன், சொல்லாம வச்சிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விட்டேன். யோசிக்கவே இல்லை. வாசலில் விட்டு வந்திருந்த பேச்சு தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இடைவேளையில் வடையும் தேநீருமாக மண்டப வாசலில் ஒரே வாக்குவாதம். மருமகன் கட்சி ஒரு பக்கம், டாக்டர் கட்சி ஒரு பக்கம். செல்லத்துரை முதலாளி சமையல்காரரைக் கைவிட்டு டாக்டருக்கு மாறியிருந்தார். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்கதான் முடிவு தெரிஞ்சவுங்க. டாக்டருதானே? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லமாட்டாராம்! சுற்றியிருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் சந்தேகப் பட்டியலில் ஒருவர் குறைந்துவிடுவார். சிரித்தாலும் குறைந்துவிடுவார். மழுப்பினால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"இன்ஸ்பெக்டருக்கே இன்னும் தெரியாதுங்க முதலாளி. நான் அவருக்குப் பின்னாலதான் போயிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்ட தங்கைக்கு என் முழுப் பதில் அதுதான். முடிவு தெரியாத மாதிரி நடிக்காதீர்கள். நடிப்பு வரியில் தெரிந்துவிடும். பேசுகிற பாத்திரத்துக்கு அந்த நிமிடத்தில் என்ன தெரியுமோ அதோடு நின்றுகொள்ளுங்கள்.

அங்கிருந்து திரும்பும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தார். வட்டவளைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், பெயர் மாரியாயி.

"போன படத்துல எழுத்து ஓடுச்சுங்க. நாங்க கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும். அதான் எழும்பிப் போயிட்டோம். இன்னைக்கு நல்லா வெளங்குது. நிப்பாட்டிராதீங்க."

நிரோஷினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல் படத்தில் பாதி மண்டபம் ஏன் காலியானது என்று அவரும் நண்பர்களும் எத்தனையோ காரணம் யோசித்திருந்தார்கள். படம் மெதுவாகப் போகிறது, சனத்துக்கு ரசனை இல்லை என்றெல்லாம். போனவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

இரண்டாம் பாதியில் யாரும் எழும்பவில்லை. இந்த மாதிரி ஜப்பானியப் படங்களில் யார் செய்தது என்பதோடு கதை முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் பிடிக்கும். ஏன் செய்தார்கள் என்று பழைய வறுமைக்குள், பழைய அநியாயத்துக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நர்ஸின் தங்கை பல வருடங்களுக்கு முன் அதே விடுதியில் வேலைக்காரியாக இருந்தவள். விடுதி தீப்பிடித்த அன்று, வேலையாட்கள் தூங்கும் பகுதியின் கதவை உரிமையாளர் வெளியே இருந்து பூட்டி வைத்திருந்தார். அவள் உள்ளேயே இறந்துபோனாள். அது மூடி மறைக்கப்பட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைந்த மண்டபத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசிக் காட்சி, பனி மூடிய சின்ன ரயில் நிலையம். நர்ஸ் ஒரு பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் உட்கார்கிறார். பிறகு நர்ஸ் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். ஆங்கிலத்தில் அதைச் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். நான் சொன்னது இது:

"மொத நாளே என்னையக் கேட்டிருந்தீங்கன்னா, மொத நாளே சொல்லியிருப்பேங்க."

அதற்குப் பிறகும் இன்ஸ்பெக்டர் ஏதோ பேசினார். ஆங்கில வரி வந்தது. நான் மைக்கை மடியில் வைத்துவிட்டேன். அவர் முகத்திலேயே எல்லாம் இருந்தது. நம் வேலையில் எழுதக் கற்றுக்கொள்ளச் சில வருடம் போதும். எங்கே வாயை மூடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாகும்.

விளக்கைப் போட்டபோது செல்லத்துரை முதலாளி எழும்பாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்துச்சே, நம்ம யாருமே அதோட மூஞ்சப் பாக்கலையே" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மண்டபம் கழகத்துக்கே நிலைத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் யாராவது ஒருவர் மைக்கோடு உட்காருகிறார்கள். நிரோஷினி என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

அந்தப் படம் போட்ட மறுநாள் காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண், "டீச்சர், என்னங்க ஆச்சு?" என்று அடுப்படிக் கரண்டியோடு ஓடிவந்தார். ஜீப்பில் இருந்து ஒரு சிங்கள சார்ஜன்ட் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்க வேணாம். நேத்து படம் போட்ட ஹோல் பக்கம் டியூட்டி. பின்னுக்கு நின்னு படம் பாத்தேன். கடைசி பாக்கக் கிடைக்கல, கூப்பிட்டாங்க, போயிட்டேன்." சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரு டீச்சர் செஞ்சது?"

"எது வரைக்கும் பாத்தீங்க?"

"டாக்டர் வீட்டுக்குப் போறாங்க. அது வரைக்கும்."

பெயரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, டாக்டர் வீட்டு வாசலில் இருந்து தொடங்கி ரயில் நிலையத்துப் பெஞ்சு வரை கதையைச் சொன்னேன். தெருவும் சேர்ந்து கேட்டது. நர்ஸ் சொன்ன வாக்கியத்தைச் சொன்னதும் அவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தனக்கே சொல்வது போலச் சொன்னார்:

"நா அங்க இருந்திருந்தா, அந்த அம்மாவப் பிடிச்சிருக்க மாட்டேன்."

கண்டுபிடிக்க முடிந்திருக்காது என்கிறாரா, கைது செய்ய மனசு வந்திருக்காது என்கிறாரா? கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஜீப் போய்விட்டது. என்றைக்காவது உங்கள் கைக்கு இப்படி ஒரு வரி வந்தால், அதை ஒரு பக்கம் சாய்த்துவிடாதீர்கள். அவர் சொன்ன மாதிரியே, இரண்டும் இருக்கும்படி எழுதுங்கள்.